சோம்பலா? சுரப்பிக் குறையா?



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் தைராய்டு என்கின்ற ஒரு சிறு சுரப்பியைப் பற்றியதாகும். "கூட்டம் போட்டுப் பேசுவதற்கு இதுவா விஷயம்? இதை வைத்தியர்கள் அல்லவா பேச வேண்டும்?" என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயந்தான். நாம் வைத்தியரல்ல, இங்கு வைத்தியம் செய்யவும் வரவில்லை. ஆனால், ஒரு வியாதியை வியாதி என்றே தெரிந்து கொள்ளாமல், அதற்குச் சோம்பேறித்தனம் என்றும், தலைவிதி என்றும், கண்ணேறு என்றும், தோஷம் என்றும் பெயர் வைத்து, வியாதிக்காரரையே குற்றவாளியாக்கி வருஷக்கணக்காய் வதைத்து வருகிறோமே, இது வைத்தியருடைய குற்றமா? நம்முடைய குற்றமா? வைத்தியரிடம் போய்ச் சேருவதற்கு முன்பே வீட்டுத் திண்ணையில் தீர்ப்புச் சொல்லி விடுகிறோம். அந்தத் தீர்ப்பைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

நாம் சொல்லுகிறோம் என்பதற்காக இதில் எதையும் நீங்கள் நம்ப வேண்டாம். கேட்டு, யோசித்து, தெரிந்தவர்களிடம் விசாரித்து, சரியென்று பட்டால் ஏற்றுக் கொள்ளுங்கள்.

திண்ணைத் தீர்ப்பு

ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். அது உங்கள் வீடாகவும் இருக்கலாம், அடுத்த வீடாகவும் இருக்கலாம். அங்கே முப்பத்தைந்து வயதுள்ள ஒரு பெண். முன்னெல்லாம் கோழி கூவ எழுந்து, வாசல் தெளித்து, தண்ணீர் எடுத்து, சோறாக்கி வைத்துவிட்டு வேலைக்கும் போய் வந்தவள். இப்போது இரண்டு வருஷமாய் எழுந்திருக்கவே முடியவில்லை. எட்டு மணி நேரம் தூங்கினாலும் அசதி தீருவதில்லை. மற்றவர்கள் விசிறி தேடும்போது இவள் போர்வை தேடுகிறாள். சாப்பாடு குறைந்திருந்தும் உடம்பு கனக்கிறது. காலையில் முகமும் கண்ணிமையும் உப்பியிருக்கின்றன. சீப்பில் கொத்துக் கொத்தாய் மயிர். தோல் வறண்டு சொரசொரக்கிறது. குரல் கட்டிக் கொள்கிறது. மலச்சிக்கல் தீருவதில்லை. மாதவிடாய் அதிகமாய்ப் போகிறது. அடுப்பில் வைத்ததை மறந்து விடுகிறாள்.

இவளுக்கு என்ன என்று வீட்டிலே விசாரணை நடக்கிறது. மாமியார் சொல்லுகிறார், "வேலை செய்ய வணங்கவில்லை" என்று. புருஷன் சொல்லுகிறார், "தின்று தின்று பெருத்துப் போனாள்" என்று. ஜோசியர் சொல்லுகிறார், "கிரகம் சரியில்லை" என்று. சாமியாடி சொல்லுகிறார், "யாரோ வைத்து விட்டார்கள்" என்று. பிள்ளையும் இல்லாதவளாக இருந்து விட்டால் கேட்கவே வேண்டாம். அரச மரத்தைச் சுற்று, நாகருக்குப் பால் ஊற்று, அதற்கும் பலிக்காவிட்டால் இவளை ஒதுக்கிவிட்டு வேறு பெண் பார். இத்தனை பேர் சாட்சி சொன்னார்களே, அந்தப் பெண்ணின் உடம்பை யாராவது ஒரு கேள்வி கேட்டார்களா? கேட்டிருந்தால் ஒரு மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தும், ஒரு ஸ்பூன் இரத்தம் எடுத்துப் பார்த்தும் விஷயம் வெளியாகியிருக்கும்.

இது ஏதோ அபூர்வமான வியாதியும் அல்ல. சென்னை உள்பட நம் நாட்டின் 8 பெரிய நகரங்களில் 5,000-க்கு மேற்பட்ட வயது வந்தவர்களைச் சோதித்து 2013-ம் வருஷம் வெளியிட்ட ஆராய்ச்சியில், 100-க்குச் சுமார் 11 பேருக்குத் தைராய்டு குறைவு இருப்பதாய்த் தெரிந்தது. அவர்களிலே ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, அந்தச் சோதனை நடக்கும் வரையில் தமக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆண்களுக்கும் இது வரும். பெண்களுக்குப் பல மடங்கு அதிகமாய் வரும். வயது ஏற ஏற இன்னும் அதிகமாய் வரும்.

அந்தச் சுரப்பியின் வேலை என்ன?

கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, மூச்சுக் குழாயை அணைத்தாற்போல, பட்டாம்பூச்சி இறக்கை விரித்த வடிவத்தில் ஒரு சுரப்பி இருக்கின்றது. எடை 15 முதல் 25 கிராம் வரைதான் இருக்கும். நாம் உண்ணும் உணவிலுள்ள அயோடினை எடுத்து, இரண்டுவிதமான ஹார்மோன்களை அது செய்கிறது. நான்கு அயோடின் அணு சேர்ந்தது தைராக்ஸின் அல்லது டி-4. மூன்று சேர்ந்தது டி-3. இவை இரத்தத்தில் கலந்து உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் போய், எவ்வளவு வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதை நிர்ணயிக்கின்றன. அடுப்புக்குக் காற்று எப்படியோ அப்படி. காற்று குறைந்தால் நெருப்பு மங்கும். ஹார்மோன் குறைந்தால் இருதயம் மெதுவாய்த் துடிக்கும். குடல் மெதுவாய் அசையும். மூளை மெதுவாய் நினைக்கும். உடம்பில் சூடு குறையும். அந்தப் பெண்ணிடம் நாம் கண்ட அத்தனைக்கும் காரணம் இந்த ஒன்றேதான். பத்துக் குற்றங்கள் சாட்டினோமே, அவற்றுக்குள் பத்துக் காரணங்கள் இல்லை. ஒரே ஒரு குறை இருந்தது.

அறிவு வந்த வழி

இந்த உண்மை யாருக்கும் கனவில் வந்து சொல்லப்பட்டதல்ல. மனிதர்கள் பார்த்து, சந்தேகித்து, சோதித்துக் கண்டுபிடித்ததேயாகும். 1873-ம் வருஷத்தில் லண்டனில் வில்லியம் கல் என்ற வைத்தியர், நடுவயதுப் பெண்கள் சிலருக்கு முகம் ஊதி, நாக்குப் பருத்து, புத்தி மந்தப்பட்டு வருவதை எடுத்துச் சொன்னார். 1878-ல் வில்லியம் ஆர்டு என்பவர், அவர்கள் தோலில் சளி போன்ற ஒரு பொருள் தங்குவதைக் கண்டு, வியாதிக்கு மிக்ஸிடீமா என்று பெயரிட்டார். காரணம் மட்டும் தெரியவில்லை.

அக்காலத்தில் ஸ்விட்சர்லாந்து தேசத்தில் பெர்ன் நகரில் தியோடர் கோகர் என்ற பேர்போன ரண வைத்தியர் இருந்தார். கழுத்துக் கழலைக்காக அவர் பலருக்குத் தைராய்டு சுரப்பியை முழுவதுமாய் அறுத்து எடுத்திருந்தார். பிற்பாடு அவர்களைத் தேடிப் பார்த்தபோது, பெரும்பாலோர் முகம் வீங்கி, மந்தமாகி, வளர வேண்டிய பிள்ளைகள் வளர்ச்சி நின்று கிடந்ததைக் கண்டார். "நமது பேர் கெட்டுவிடுமே" என்று அவர் மூடி வைக்கவில்லை. தம் கையால் வந்த கெடுதலைத் தாமே 1883-ம் வருஷத்தில் வெளியிட்டார். தோழர்களே! இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். தாயத்துக் கட்டியவன் எவனாவது, "என் தாயத்து இத்தனை பேருக்குக் கெடுதல் செய்தது" என்று கணக்கு வெளியிட்டதுண்டா? கோகர் வெளியிட்ட பிறகுதான், சுரப்பி போனால் இந்த வியாதி வரும் என்பது வெளிச்சமாயிற்று. 1909-ம் வருஷத்தில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1891-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் நியூகாஸில் நகரத்தில் ஜார்ஜ் மர்ரே என்ற வைத்தியர், "சுரப்பியின் நீர் இல்லாததால் வந்த வியாதிக்கு, அந்த நீரையே கொடுத்தால் என்ன?" என்று யோசித்தார். ஆட்டின் தைராய்டு சுரப்பியிலிருந்து சாறு எடுத்து, இந்த வியாதியால் தளர்ந்து கிடந்த 46 வயதுள்ள ஒரு பெண்ணுக்கு ஊசி மூலம் ஏற்றினார். அந்தப் பெண் தேறி எழுந்து, பிறகு 28 வருஷம் வாழ்ந்து, 74-ம் வயதில் 1919-ம் வருஷம்தான் காலமானார். அத்தனை வருஷத்துக்கும் அவருக்காகச் செலவான ஆடுகள் 870-க்கு மேல் என்று மர்ரே கணக்குக் கொடுத்திருக்கிறார். நம் நாட்டிலும் ஆடு வெட்டத்தான் செய்தார்கள். கோயில் வாசலில் வெட்டினார்கள். எந்த ஆடு நோயாளிக்குப் பயன்பட்டது என்பதை நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

பிறகு 1914-ல் அமெரிக்காவில் எட்வர்டு கெண்டல் தைராக்ஸினைத் தனியாய்ப் பிரித்தெடுத்தார். 1927-ல் இங்கிலாந்தில் ஹாரிங்டனும் பார்கரும் அதை ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினார்கள். இன்று ஆடு வேண்டியதில்லை. ஒரு சிறு மாத்திரை போதும்.

ஏன் வருகிறது?

பல காரணங்கள் உண்டு. நம் நகரங்களில் முக்கியமானது, உடம்பைக் காக்க வேண்டிய காவல் சக்தி வழிதவறித் தன் சொந்தச் சுரப்பியையே பகைவனாய் நினைத்துத் தாக்குவதாகும். ஜப்பான் வைத்தியர் ஹஷிமோட்டோ 1912-ம் வருஷத்தில் நான்கு பெண்களின் சுரப்பிகளைச் சோதித்து இதை வர்ணித்ததால், அவர் பெயரே அதற்கு வழங்குகிறது. கழுத்தில் ஆபரேஷன் செய்தவர்கள், கதிர் வைத்தியம் செய்து கொண்டவர்கள், லித்தியம், அமியோடரோன் போன்ற சில மருந்துகள் சாப்பிடுகிறவர்கள், பிரசவமான ஒரு வருஷத்துக்குள் இருக்கிற தாய்மார்கள் ஆகியோருக்கும் வரலாம்.

அயோடின் பஞ்சத்தாலும் வரும். இமயமலைச் சாரலில் காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசுவாமியும் அவரது கூட்டாளிகளும் 1956-ம் வருஷம் முதல் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பு. மற்றப் பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பு. சில வருஷங்களில், அயோடின் உப்பு தின்ற பிள்ளைகளிடம் கழுத்துக் கழலை நன்றாய்க் குறைந்தது. அதைக் கொண்டுதான் 1962-ல் அரசாங்கம் கழலைத் தடுப்புத் திட்டம் ஆரம்பித்தது. பூஜையால் அல்ல, பொதிந்து விற்ற உப்பால் கழலை குறைந்தது. ஆகவே அயோடின் உப்பையே வாங்குங்கள். வெயிலும் ஈரமும் படாமல் மூடி வையுங்கள்.

அடையாளம் வேறு, ருசு வேறு

நிற்க, இதுவரை சொன்னதைக் கேட்டுவிட்டு, அசதி உள்ளவர்கள் எல்லாரும் "நமக்கும் தைராய்டுதான்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதுவும் ஒரு திண்ணைத் தீர்ப்பாகவே முடியும். அசதி இரத்த சோகையிலும் வரும். சர்க்கரை வியாதியிலும் வரும். மனச் சோர்விலும் வரும். குறட்டை விட்டு மூச்சடைத்துத் தூக்கம் கெடுவதிலும் வரும். அரை வயிற்றுச் சாப்பாட்டிலும், ஓய்வில்லாத வேலையிலும் வரும். உடம்பு பெருத்தவர்களில் பெரும்பாலோருக்குத் தைராய்டு சரியாகவே இருக்கும். தைராய்டு குறைவால் கூடுகிற எடை பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் உப்பும் நீரும் தங்குவதே அதிகம்.

ஆகவே அடையாளங்கள் சந்தேகத்துக்குத்தான் ஆதாரம். ஒன்று தனியாய் இருந்தால் சந்தேகம் குறைவு. பல ஒன்றாய்ச் சேர்ந்து, சில மாதங்களாய் மெல்ல மெல்ல ஏறி வந்தால் சந்தேகம் பலப்படும். முன் சொன்னவற்றோடு, புருவத்தின் வெளி ஓரத்து மயிர் உதிர்வது, கை விரல்கள் மரத்துப் போவது, தசை பிடித்துக் கொள்வது, காது மந்தம், நாடி மெதுவாய் நடப்பது, கழுத்தின் முன்பக்கம் வீங்குவது, இரத்தத்தில் காரணமில்லாமல் கொலஸ்ட்ரால் ஏறியிருப்பது இவைகளையும் சேர்த்துக் கொள்ளுங்கள். அனுபவமுள்ள வைத்தியர் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணில் சிறு சுத்தியால் தட்டிப் பார்ப்பார்; பாதம் துள்ளிவிட்டு மெதுவாய்த் திரும்பினால் அது ஒரு நல்ல தடயம். வயதானவர்களுக்கோ இத்தனையும் தெரியாது. மறதியும் மந்தமும் மட்டுமே தெரியும். "கிழவருக்குப் புத்தி பேதலித்து விட்டது" என்று மூலையில் உட்கார வைத்து விடுவோம். தீர்க்கக்கூடிய குறை ஒன்று உள்ளே இருக்கும்.

ஆனால் இத்தனையும் ருசு ஆகாது. சாட்சிகள் எத்தனை பேர் சொன்னாலும் பத்திரத்தைப் பார்க்காமல் நியாயாதிபதி தீர்ப்புச் சொல்லுவாரா? இங்கே பத்திரம் என்பது இரத்தப் பரிசோதனைதான்.

இரத்தம் சொல்லும் சாட்சி

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கின்றது. அதை மேஸ்திரி என்று வைத்துக் கொள்ளுங்கள். தைராய்டு வேலையாள். வேலை சரியாய் நடந்தால் மேஸ்திரி மெதுவாய்ப் பேசுவார். வேலை குறைந்தால் சத்தம் போடுவார். அந்தச் சத்தத்துக்குப் பெயர்தான் டி.எஸ்.எச். வேலையாள் தளர ஆரம்பித்ததும், வேலை இன்னும் குறைவதற்கு முன்பே, மேஸ்திரியின் சத்தம் ஏறிவிடும். அதனால்தான் முதலில் டி.எஸ்.எச். பார்க்கிறார்கள். வேலை எவ்வளவு நடக்கிறது என்று தெரிய டி-4 பார்க்கிறார்கள்.

இப்போது சீட்டைப் படிக்கலாம். வயது வந்தவர்களுக்கு டி.எஸ்.எச். பெரும்பாலான ஆய்வுக்கூடங்களில் சுமார் 0.4 முதல் 4 வரை இருந்தால் சரியென்று வைத்திருக்கிறார்கள். கூடத்துக்குக் கூடம் சிறிது மாறும். அந்தந்தச் சீட்டிலேயே அளவு அச்சிட்டிருக்கும்.

டி.எஸ்.எச். ஏறி, டி-4 இறங்கியிருந்தால் தைராய்டு குறைவு என்பது ருசுவாகி விட்டது. மருந்து வேண்டும்.

டி.எஸ்.எச். ஏறி, டி-4 சரியாய் இருந்தால் அது ஆரம்பக் குறை. வேலையாள் திணறுகிறான், ஆனால் வேலை இன்னும் நிற்கவில்லை. டி.எஸ்.எச். 10-க்கு மேல் போயிருந்தால் பெரும்பாலும் மருந்து கொடுப்பார்கள். 4-க்கும் 10-க்கும் இடையில் இருந்தால் அவசரப்படாமல், இரண்டு மூன்று மாதம் பொறுத்து மறுபடியும் பார்க்க வேண்டும். பலருக்குத் தானாகவே சரிப்பட்டு விடுவதும் உண்டு. 70 வயது தாண்டியவர்களுக்கு இந்த அளவு கொஞ்சம் ஏறியிருப்பது இயல்பேயாகும். கர்ப்பிணிகளுக்கும், கர்ப்பத்தை எதிர்பார்ப்பவர்களுக்கும் கணக்கு வேறு. வைத்தியர் அதிகக் கண்டிப்பாய் இருப்பார்.

மூன்றாவது ஒன்று உண்டு. அதைத்தான் அநேகர் தவற விட்டுவிடுகிறார்கள். மேஸ்திரியே மயங்கிக் கிடந்தால் சத்தம் எங்கிருந்து வரும்? டி-4 குறைந்திருக்கும், டி.எஸ்.எச். ஏறாமல் சரியாய் இருப்பது போலவோ, குறைந்தோ தெரியும். டி.எஸ்.எச். மட்டும் பார்த்தவர்கள் "உனக்கு ஒன்றுமில்லை, போ" என்று அனுப்பி விடுவார்கள். பிரசவத்தில் அளவுக்கு மீறி இரத்தம் போன தாய்மார்களுக்கு பிட்யூட்டரி கெட்டுப் போவதுண்டு. குழந்தைக்குப் பால் சுரக்காது. மாதவிடாய் திரும்ப வராது. வருஷக்கணக்காய் அசதியிலேயே கிடப்பார்கள். அப்படிப்பட்டவர்கள் வைத்தியரிடம், "அந்தப் பிரசவத்தில் எனக்கு இரத்தம் அதிகம் போயிற்று" என்ற ஒரு வார்த்தையைத் தவறாமல் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை அவர்கள் உயிரைக் காக்கும்.

டி.எஸ்.எச். ஏறியிருப்பவர்களுக்குக் காரணம் அறிய, தைராய்டைத் தாக்கும் எதிர்ப்புப் பொருள் இரத்தத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பதுண்டு. அது இருந்தால் குறை வளரக்கூடும் என்று தெரிந்து கொள்ளலாம். மற்றபடி, குறைவைக் கண்டுபிடிப்பதற்கு டி-3 பார்க்க வேண்டியதில்லை. கழுத்தில் கட்டியோ, ஒரு பக்க வீக்கமோ தட்டுப்படாவிட்டால் ஸ்கேனும் வேண்டியதில்லை.

சீட்டும் வேதமல்ல

"சாமியாரை நம்பாதே" என்று சொல்லுகிற நாம், "ஆய்வுக்கூடச் சீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பு" என்று சொன்னால் அது பகுத்தறிவாகாது. கடுமையான காய்ச்சலிலோ, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதோ எடுத்த அளவு தாறுமாறாய் இருக்கலாம். தேறிய பிறகு மறுபடியும் பார்க்க வேண்டும். தலைமயிர் வளர்வதற்கென்று விற்கும் பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் சில கருவிகள் பொய்க் கணக்குக் காட்டும். குறைந்தது இரண்டு நாள் முன்னதாகவே நிறுத்திவிட்டு, அதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். டி.எஸ்.எச். இரவிலும் விடியற்காலையிலும் சற்று ஏறி, பகலில் இறங்கும். ஆகவே ஒரே கூடத்தில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் பார்த்தால்தான் முன்னதையும் பின்னதையும் ஒப்பிட முடியும். கொஞ்சம் ஏறியிருக்கிற ஒரே ஒரு அளவைக் கண்டு ஆயுள் முழுவதும் மருந்துக்கு அடிமைப்பட்டு விட்டோம் என்று அழவும் வேண்டாம். மருந்தே வேண்டாம் என்று மறைக்கவும் வேண்டாம். மறுபடியும் பாருங்கள். மறுபடியும் பார்ப்பதுதான் விஞ்ஞானம்.

பச்சைக் குழந்தையின் வழக்கு

பெரியவர்களுக்கு வந்தால் தாமதித்துக் கண்டுபிடித்தாலும் பெரும்பாலும் தேற்றிவிடலாம். பிறவியிலேயே சுரப்பி இல்லாமலோ, வேலை செய்யாமலோ பிறக்கும் குழந்தைக்கு அந்தத் தவணை கிடையாது. மூளை வளர்வதற்கு இந்த ஹார்மோன் வேண்டும். உலகில் பிறக்கும் சில ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இந்தக் குறை உண்டு. நம் நாட்டில் இன்னும் அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். பிறந்தவுடன் குழந்தை பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். ஏனெனில் தாயின் ஹார்மோன் கொஞ்சம் அதற்குப் போயிருக்கும். வாரங்கள் போனபின்தான் மஞ்சள் காமாலை தெளியாமை, கரகரத்த அழுகை, துருத்திய நாக்கு, பிதுங்கிய தொப்புள், மலச்சிக்கல், எப்பொழுதும் தூக்கம் எல்லாம் தெரியும். "அழாத சமர்த்துப் பிள்ளை" என்று கொஞ்சிக் கொண்டிருப்போம். அடையாளம் தெரிவதற்குள் மூளைக்குக் கெடுதல் வந்துவிடும்.

பிறந்த 2 முதல் 5 நாட்களுக்குள் குதிகாலில் குத்திச் சில சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தால் போதும். 1970-களின் ஆரம்பத்தில் கனடாவில் கியூபெக் மாகாணத்தில் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் இப்படிப் பார்க்கத் தொடங்கி, பிறகு பல தேசங்களில் வழக்கமாகிவிட்டது. இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால், அந்தக் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே படித்து வளரும். தொடங்காவிட்டால், "பூர்வ ஜன்ம பாவம், மந்தமாய்ப் பிறந்து விட்டது" என்பார்கள். யாருடைய பாவம் அது? நாம் கேட்காமல் விட்ட பாவமா, இல்லையா? குழந்தைக்கு ஜாதகம் எழுத நேரம் குறிப்பதற்கு எத்தனை அவசரப்படுகிறோம்! அந்த அவசரத்தில் கால் பங்கு எடுத்து, "தைராய்டு பார்த்தாயிற்றா?" என்று ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.

வயிற்றிலுள்ள குழந்தையும் முதல் மூன்று மாதம் தாயின் ஹார்மோனையே நம்பியிருக்கின்றது. ஆகவே ஏற்கெனவே மாத்திரை சாப்பிடும் பெண்கள், மாதவிடாய் தள்ளிப் போன உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டும்; அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். கர்ப்பமானதற்காகப் பயந்து மாத்திரையை நிறுத்துவது குழந்தைக்குச் செய்யும் கேடாகும். பள்ளிக்கூடத்துப் பிள்ளை உயரம் வளராமல், மந்தமாய், தூங்கி வழிந்தால் பிரம்பை எடுப்பதற்கு முன் பரிசோதித்துப் பாருங்கள்.

மாத்திரை

மருந்து தைராக்ஸின் மாத்திரை. உடம்பு செய்ய வேண்டியதை, அது செய்ய முடியாததால் வெளியிலிருந்து கொடுக்கிறோம், அவ்வளவுதான். இது விஷமுமல்ல, போதையுமல்ல. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் காபி, டீ, பலகாரம் ஒன்றும் தொடக்கூடாது. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். 6 முதல் 8 வாரம் கழித்து மறுபடியும் டி.எஸ்.எச். பார்த்து அளவைச் சரி செய்வார்கள். இருதய வியாதிக்காரர்களுக்கும் வயதானவர்களுக்கும் கொஞ்சமாய் ஆரம்பித்து ஏற்றுவார்கள். உடம்பு தேறியதும் "சரியாகி விட்டது" என்று தாமாக நிறுத்தினால் வியாதி திரும்பி வரும். முற்ற விட்டால் உணர்வு தப்பி உயிருக்கே அபாயம். மறுபுறம், இளைப்பதற்காக இந்த மாத்திரையைத் தின்பது இருதயத்துக்கும் எலும்புக்கும் கெடுதி. கழுத்தில் கட்டும் வேருக்கும் கயிற்றுக்கும் இதில் வேலையில்லை. "மூன்று மாதத்தில் வேரோடு அறுப்போம்" என்று விளம்பரம் செய்பவர்களிடம், "மருந்துக்கு முன்னும் பின்னும் டி.எஸ்.எச். எவ்வளவு?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வராது, கோபம் வரும்.

முடிவாக, தோழர்களே! உங்களை நாம் கேட்டுக் கொள்வது அதிகமொன்றுமில்லை. உங்கள் வீட்டிலோ தெருவிலோ சோம்பேறி என்றும், மலடி என்றும், மந்தம் என்றும், கிறுக்கு என்றும் பட்டம் கட்டி வைத்திருக்கிறீர்களே, அவர்களை ஒருமுறை நிதானமாய்ப் பாருங்கள். எத்தனை நாளாய் அப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள். நாம் சொன்ன அடையாளங்கள் பல சேர்ந்திருந்தால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக் கொண்டு போய் டி.எஸ்.எச்., டி-4 பார்க்கச் சொல்லுங்கள். "நீ போய்ப் பார்த்துக் கொள்" என்று சொல்லிவிடாதீர்கள். அசதியால் எழுந்திருக்க முடியாதவர்களுக்கு அந்த வழியே பெரும் பாரம். கூடப் போங்கள். குறை இருந்தால் மருந்து இருக்கின்றது. குறை இல்லாவிட்டால், வேறு என்ன என்று மேலும் பார்க்கலாம். எப்படியானாலும், இரத்தத்தைப் பார்ப்பதற்கு முன் குணத்தின் மேல் தீர்ப்புச் சொல்லும் வழக்கத்தை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள் என்று கேட்டுக் கொள்கிறோம்.